நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு

ஆஸ்பத்திரித் துணி அறையில் சலவை மூட்டைகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, போனை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, "ஐ வாஷ் ப்ளட்" என்றாள் அவள். போன் யோசிப்பதுபோல மூன்று புள்ளிகளை ஆட்டிக் காட்டியது. பிறகு பாகில் ஊறப்போட்ட மாதிரி ஒரு பெண் குரல், "வாவ்! தட்ஸ் அமேஸிங்!" என்றது.

அவள் காதைத் துடைத்துக்கொண்டாள். பதினேழு வருடமாக ஆஸ்பத்திரியின் கருவிகள் பிரிவில் இருக்கிறாள். ஆபரேஷன் முடிந்து கீழே வரும் கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாவற்றையும் கழுவி, சரிபார்த்து, தட்டுகளில் அடுக்கி, துணியில் பொதிந்து, நீராவி இயந்திரத்துக்குள் தள்ளி, சுத்தமான பொட்டலங்களாக மேலே அனுப்புகிற இடம் அது. சதைத்துணுக்கும் முடியும் ஒட்டிய தட்டுகளைப் பார்த்துவிட்டு, சேர்ந்த மூன்றாம் நாளே சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போன பெண்கள் உண்டு. அவள் ஓடவில்லை, முகம்கூடச் சுளிக்கவில்லை. கழுவினால் போய்விடுகிற சமாச்சாரம்தானே என்று இருந்துவிட்டாள். இந்த 'வாவ்' எந்தத் தண்ணீரில் போகும் என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

பிரிவின் சூப்பர்வைசர் அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். ஆஸ்பத்திரிக்கு வெளிநாட்டுத் தரச்சான்றிதழ் வரப்போகிறது என்பதால், அந்த நாற்காலியில் இனி உட்காருபவர் ஆய்வுக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களிடம் ஆங்கிலத்தில் பேசத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்று மேலிடம் சொல்லிவிட்டது. பயிற்சி அதிகாரி ஒருவர் புதிதாக வந்திருந்தார். முப்பது வயது இருக்கும். சட்டைக் கை எப்போதும் முழங்கை வரை சுருட்டியிருக்கும், வாயில் எப்போதும் புதினா மிட்டாய். ஆளுக்கு ஒரு பேச்சுப் பயிற்சிச் செயலியைப் போனில் ஏற்றிக் கொடுத்தார். நாற்பது அமர்வு, ஒவ்வொன்றும் இருபது நிமிஷம். நாற்பதையும் முடித்தால்தான் நேர்காணலுக்குப் பெயர் போகும்.

அவளுக்கு அந்த வேலை வேண்டும். ஆபரேஷன் தியேட்டர் நர்சுகள் போனில், "இன்னும் பத்து நிமிஷத்துல தட்டு வேணும், அனுப்புங்க" என்று விரட்டும்போதெல்லாம் சூப்பர்வைசர், "சரி மேடம், சரி மேடம்" என்று தலையாட்டிவிட்டு இவர்களை விரட்டுவார். பத்து நிமிஷத்தில் ஆகாது என்று சொல்கிற இடத்தில் ஒரு நாளாவது தான் இருக்க வேண்டும் என்று அவள் நினைத்திருந்தாள். யாரிடமும் சொன்னதில்லை. அவள் எதையுமே யாரிடமும் அதிகம் சொல்கிறவள் இல்லை. வீட்டில் அவளுடைய கணவர், அவர் லிப்ட் மெக்கானிக், "உங்கம்மா இன்னிக்கு மொத்தம் எட்டு வார்த்தை பேசியிருக்கா, எழுதி வச்சுக்கோ" என்று மகளிடம் கேலி செய்வார். எட்டு என்பதே அதிகம் என்பாள் மகள்.

செயலி முதலில் முப்பது கேள்வி கேட்டது. கூட்டத்தில் இருக்கும்போது எனக்கு உற்சாகமாக இருக்கிறது: ஆம், இல்லை, சில சமயம். தவறு செய்துவிடுவேனோ என்று பேசாமல் இருந்துவிடுகிறேன்: ஆம், இல்லை, சில சமயம். மகள் பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்ல, இவள் விரலால் தொட்டுக்கொண்டே போனாள். கடைசியில் ஒரு பச்சை ஆமை வந்து கண் சிமிட்டியது. கூச்ச சுபாவம் உள்ள கற்பவர், ஊக்கம் அதிகம் தேவை, மென்மையாகப் பேச வேண்டும் என்று கீழே எழுதியிருந்தது. அதனால்தான் அந்தப் பாகு ஒழுகும் குரலை அவளுக்குத் தந்திருந்தார்கள்.

அதே பிரிவில் கழுவும் பக்கத்தில் வேலை செய்பவருக்கு ரேடியோ என்று பெயர். வாயை மூடினதை யாரும் பார்த்ததில்லை. அவருக்குக் கிளி வந்தது. கலகலப்பானவர், நகைச்சுவையோடு பழக வேண்டும் என்று போட்டு, ஒரு சிரிப்பாண்டி ஆண் குரலைக் கொடுத்திருந்தது. இவருக்குத்தான் வேலை என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். தப்பும் தவறுமாக ஆங்கிலம் பேசி, கையை ஆட்டி, கண்ணை உருட்டி, எந்த வெளிநாட்டுக்காரரையும் ஐந்து நிமிஷத்தில் சிரிக்க வைத்துவிடுவார். ஆனால் பத்தாம் அமர்விலேயே அவர் மதிப்பெண் முப்பதுக்குக் கீழே போய்விட்டது.

"தங்கச்சி, நான் கையக் காட்டிப் பேசுறேன், அதுக்குக் கண்ணு இல்ல" என்றார் ஒருநாள் ரப்பர் கையுறையைக் கழற்றி உதறியபடி. "நேத்து கோவத்துல நல்லாத் திட்டிட்டேன். நம்ம பாஷைல இல்ல, இங்கிலீஷ்லயே. 'தேங்க்யூ ஃபார் ஷேரிங்'னுது. எவன்டா ஷேர் பண்ணான்? நான் திட்டிட்டிருக்கேன்! ரோஷம் இல்லாத ஜென்மத்தோட என்னத்தப் பேசறது? விட்டுட்டேன்."

அவளால் விட முடியவில்லை. எதிரே ஆள் இல்லை என்பதால் நாக்கு எப்படியோ புரண்டது. தப்பாகச் சொன்னால் யாரும் உதட்டைக் கடித்துச் சிரிப்பதில்லை. அவள் மதிப்பெண் முப்பத்தொன்று ஐம்பதானது, ஐம்பது அறுபத்தெட்டானது. ஆனால் ஒவ்வொரு முறையும் அந்தப் பாராட்டு வந்து காதில் விழும்போது, யாரோ தெரியாதவர் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனதுபோல இருக்கும். ஒருநாள் சோதித்துப் பார்க்கலாம் என்று, "டுடே ஐ கில் மை ஹஸ்பெண்ட்" என்றாள். "கிரேட் எஃபர்ட்! கில் இல்லை, கில்ட். நடந்து முடிந்ததைச் சொல்லும்போது…" என்று ஆரம்பித்தது. அடுத்த அறையிலிருந்து கணவர், "யாரோட கொஞ்சிட்டிருக்க?" என்று கேட்டார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. எழுந்து போய் வாய் கொப்பளித்துவிட்டு வந்தாள்.

இருபத்தேழாம் அமர்வில் குடும்பத்தைப் பற்றிச் சொல்லச் சொன்னது. கணவர், மகள், இரண்டு அறை வீடு எல்லாம் சொல்லியாகிவிட்டது. நேரம் இன்னும் பதினோரு நிமிஷம் பாக்கி. "உங்களுக்கு உடன்பிறந்தவர்கள் உண்டா?" என்றது குரல்.

அக்கா ஒருத்தி இருந்தாள். அப்பா குளியலறையில் விழுந்து கிடந்த நாளில் இவள்தான் வீட்டில் இருந்தாள். தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எவ்வளவு நேரம் என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. அக்கா வந்து கதவைத் தள்ளித் திறந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. "வாயத் தொறந்து நாலு பேரக் கூப்பிட்டிருந்தா அப்பா பொழச்சிருப்பாரு. உன் வாய்ல என்னடி, கொழுக்கட்டையா இருந்துது?" என்று அக்கா எல்லோர் முன்னாலும் கேட்டாள். அதற்குப் பிறகு பதினோரு வருடம் இருவரும் பேசவில்லை. போன வருடம் அக்கா செத்துப்போனாள். இவள் போய் நின்றாள். சுற்றிலும் எல்லோரும் அழுதுகொண்டிருக்க, இவளுக்கு மட்டும் கண் மணல் போட்டதுபோலக் காய்ந்து கிடந்தது. திரும்பி வந்து மறுநாள் காலை வேலைக்குப் போய்விட்டாள். கணவரிடம்கூட இதைப் பற்றிப் பேசியதில்லை. தாய்மொழியில் அதைத் தொடங்கினால் எங்கே போய் முடியும் என்று ஒரு பயம். இங்கேயோ அவள் கைவசம் இருந்ததே முந்நூறு வார்த்தை. அதில் எடுத்துச் சொன்னால் அவ்வளவு தூரம் போகாது என்று தோன்றியது.

"மை சிஸ்டர் டை" என்றாள். கொஞ்சம் விட்டு, "ஐ நாட் க்ரை" என்றாள்.

மூன்று புள்ளிகள் ஆடின. "பகிர்ந்துகொண்டதற்கு மிக்க நன்றி. உங்கள் உணர்வுகள் மதிப்புமிக்கவை. வாக்கியம் அருமை! ஒரு சின்னத் திருத்தம்: ஐ டிட் நாட் க்ரை. எங்கே, என்னோடு சேர்ந்து சொல்லுங்கள்?"

சொன்னாள். 'க்ரை' இன்னும் தெளிவாக வர வேண்டும் என்றது. மறுபடி சொன்னாள். 'டிட்' மேல் கொஞ்சம் அழுத்தம் என்றது. ஐ டிட் நாட் க்ரை. ஐ டிட் நாட் க்ரை. ஆறு முறை சொன்னாள். ஆறாவது முறை திரையில் பூத்தூவல் பறந்து, ஆமை துள்ளிக் குதித்து, நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு என்று வந்தது. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. கொள்ளைச் சந்தோஷம். மகளைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்று வாயைத் திறந்தவள், எதைச் சொல்லி வாங்கிய மதிப்பெண் என்று நினைவு வந்து அப்படியே மூடிக்கொண்டாள். தன் நாக்கை வழித்துப் போட வேண்டும்போல இருந்தது. அன்று இரவுச் சாப்பாட்டில் பாதியை ஒதுக்கி வைத்தாள். கணவர் கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றாள். அதற்குப் பிறகு வந்த அமர்வுகளிலும் குரல் அக்காவையே கேட்டது; எப்போது செத்தாள், எத்தனை வருடம் பேசவில்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வைத்துத் திருத்தியது.

நேர்காணலுக்கு முந்தின நாள் மதியம், எல்லாப் பிரிவினரையும் பெரிய அறையில் கூட்டினார்கள். பயிற்சி அதிகாரி புதினா வாசனையோடு மேடை ஏறி, யார் யாருக்கு எந்தச் சுபாவம், எந்தச் சுபாவத்துக்கு எவ்வளவு முன்னேற்றம் என்று வண்ணக் கோடுகளாகத் திரையில் காட்டினார். கிளிகளின் கோடு கீழே சரிந்தது, ஆமைகளின் கோடு மேலே ஏறியது. "வாயே திறக்காதவங்களால முடியாதுன்னு யார் சொன்னா? இதக் கேளுங்க. பேர் சொல்ல மாட்டேன்" என்று சொல்லி ஒரு பொத்தானை அமுக்கினார்.

"மை சிஸ்டர் டைட் லாஸ்ட் இயர்" என்றது அறையின் நான்கு மூலையிலிருந்தும் அவள் குரல். "வீ டிட் நாட் ஸ்பீக் ஃபார் லெவன் இயர்ஸ். ஐ டிட் நாட் க்ரை."

கைதட்டினார்கள். இருநூறு பேர். முன்வரிசையில் யாரோ, "சூப்பரா இருக்கு, யாருப்பா அது?" என்றார்கள். ரேடியோ மட்டும் தட்டப் போன கையை நடுவில் நிறுத்திவிட்டு அவள் பக்கம் திரும்பினார். என்னமோ சொல்ல வாயெடுத்தார், வார்த்தை வரவில்லை. அந்த மனிதருக்கு வார்த்தை வராமல் போனதை அன்றுதான் அவள் பார்த்தாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்ப்பதற்குள் எழுந்து வெளியே வந்துவிட்டாள். உடம்பு முழுக்க யாரோ எச்சில் கையால் தடவினதுபோல இருந்தது.

கூட்டம் முடிகிறவரை அதிகாரியின் அறை வாசலில் நின்றாள். அவர் வந்ததும், "வாங்கம்மா, வாங்க! எவ்ளோ கைதட்டு பாத்தீங்களா?" என்றார்.

"அது எங்க அக்கா சார்."

"பேரே சொல்லலியேம்மா."

"குரல் என்னோடது."

அவர் முகத்தில் நிஜமாகவே கவலை தெரிந்தது. கெட்ட மனிதர் என்று சொல்லிவிட முடியாது. நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னார், அவள் உட்காரவில்லை. "இதப் பாருங்க, ஆப்ப போன்ல ஏத்தும்போதே சம்மதம்னு டிக் பண்ணியிருக்கீங்க. அத விடுங்க. நீங்க சொன்ன கதைய யாரும் கவனிச்சிருக்கவே மாட்டாங்கம்மா. எல்லாரும் கிராமரத்தான் பாத்தாங்க. அவ்ளோ அழகா வந்திருக்கு."

அவள் வாசல் பக்கம் திரும்பினாள்.

"நாளைக்கு இன்டர்வியூ. உங்களுக்கு ஒரே ஒரு செஷன் பாக்கி இருக்கு" என்றார் அவர், கணினியைப் பார்த்தபடி. "இன்னிக்கே முடிச்சுருங்க. இல்லேன்னா சிஸ்டம் பேர எடுக்காது. டியூட்டில இருந்தா என்ன, காதுல மாட்டிக்கிட்டே பேசலாம், நான் சொன்னேன்னு சொல்லுங்க."

அன்று சாயங்கால வேலையில் அவள் பொட்டலம் கட்டும் மேசையில் நின்றாள். பெரிய விளக்கின் கீழ் ஒவ்வொரு கருவியையும் எடுத்துப் பார்த்து அடுக்க வேண்டும். காதில் குரல் மாட்டியிருந்தது. "மறுபடி சந்திப்பதில் மகிழ்ச்சி! போன முறை உங்கள் சகோதரியைப் பற்றி மிக அழகாகப் பேசினீர்கள். தொடரலாமா?" என்றது. இருபது நிமிஷம் ஓட வேண்டும். அவள் அக்காவைப் பற்றிச் சொன்னாள். அக்காவுக்குப் பிடித்த நிறம், அக்காவின் உயரம், அக்காவின் சமையல், கேட்டதற்கெல்லாம் இல்லாததையும் பொல்லாததையும் சேர்த்துச் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் அருமை, அற்புதம் என்றது. வாய் ஆங்கிலத்தில் போய்க்கொண்டிருக்க, கை தன் பாட்டுக்கு எடுத்து, அடுக்கி, பொதிந்து, ஒட்டி, நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தது. அமர்வு முடிந்து நாற்பது என்று வந்தபோது காதிலிருந்ததைப் பிடுங்கி எறிந்தாள். அன்று மொத்தம் இருபத்தொரு தட்டு கட்டியிருந்தாள்.

காலை ஒன்பதரைக்கு நேர்காணல். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நர்சிங் தலைமை மேடம், பயிற்சி அதிகாரி, தரச்சான்றிதழுக்காக வெளிநாட்டிலிருந்து வந்திருந்த நரைத்த தலை அம்மாள் ஒருவர். அவரும் ஒருகாலத்தில் நர்சாக இருந்தவராம். மேசை நடுவில் சுத்தப் பொருள் அறையிலிருந்து எடுத்து வந்த பொட்டலம் ஒன்று இருந்தது. பிரித்து, ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, உங்கள் வேலையை ஆங்கிலத்தில் விளக்குங்கள் என்றார்கள்.

"தேங்க்யூ ஃபார் தி வொண்டர்ஃபுல் கொஸ்டின்" என்றாள். சொன்னதும் அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது. அவள் குரல்தான், ஆனால் இழுவை அந்தக் குரலுடையது. வாக்கியத்தின் கடைசியில் ஒரு குழைவு, கொஞ்சம் சிரிப்பு, எல்லாம் அப்படியே ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. அதிகாரி பூரித்துப்போய் மற்ற இருவரையும் பார்த்தார். அவள் நிறுத்தவில்லை, நிறுத்தத் தெரியவில்லை. பொட்டலத்தைப் பிரித்தபடியே, இது கத்தரி, இது கத்திப் பிடி, நாங்கள் ஒவ்வொன்றையும் மிகுந்த அக்கறையோடு சரிபார்க்கிறோம் என்று வழுக்கிக்கொண்டு போனாள். அடுத்து ரத்தக் குழாயைக் கவ்விப் பிடிக்கும் சின்ன இடுக்கியை எடுத்து, திறந்து காட்டுவதற்காக இரண்டு வளையத்திலும் விரலை விட்டு விரித்தாள்.

விரிந்த மூட்டுக்குள் பழுப்பாக ஒரு கோடு இருந்தது. துரு இல்லை. துருவையும் காய்ந்த ரத்தத்தையும் பிரித்துச் சொல்ல அவளுக்கு விளக்குகூட வேண்டாம். நீராவியில் வெந்து இறுகி, நகத்தால் சுரண்டினாலும் வராத ரத்தம்.

பொட்டலத்தின் மேல் ஒட்டியிருந்த தாளைத் திருப்பிப் பார்த்தாள். நேற்றைய தேதி, மாலை ஆறு நாற்பது, அவள் கையெழுத்து.

"டேக் யுவர் டைம்" என்றார் அதிகாரி. பிறகு தணிந்த குரலில், "பாசிடிவா சொல்லுங்கம்மா, பழகினத அப்படியே சொல்லுங்க" என்றார். பழகினதெல்லாம் நாக்கு நுனியில் வரிசையாக வந்து நின்றது. எங்களுக்குச் சில சின்னச் சவால்கள் உண்டு. ஒவ்வொரு நாளும் முன்னேறுகிறோம். இடுக்கியை மூடித் தட்டில் வைத்துவிட்டால் இந்த அறையில் ஒருவருக்கும் தெரியாது.

"டர்ட்டி" என்றாள்.

அதிகாரி சிரித்தார். "அதாவது, ஆபரேஷனுக்கு அப்புறம் வர்றப்போ இப்படி இருக்கும்னு சொல்ல வர்றாங்க" என்று நரைத்த அம்மாளிடம் ஆங்கிலத்தில் எடுத்துக் கொடுத்தார்.

"நோ. டர்ட்டி. நௌ டர்ட்டி." இடுக்கியை விரித்து மேசைக்கு அந்தப் பக்கம் நீட்டினாள். ஒட்டுத்தாளைப் பிய்த்து அதையும் நீட்டினாள். "ஐ பேக். மீ. யெஸ்டர்டே. ஐ டாக், ஐ நாட் ஸீ." மேலே என்ன சொல்வது என்று தெரியவில்லை. நாற்பது அமர்வில் ஒன்றுகூட இதற்கு வார்த்தை கொடுத்திருக்கவில்லை. கைகளைத் தூக்கி, தூரத்திலிருப்பதைத் தன் பக்கம் வாரி இழுப்பதுபோலக் காட்டினாள். "ஆல் கம் பேக். ட்வென்டி ஒன். ஆல்! நௌ!" கடைசி வார்த்தை கத்தலாக வந்தது. கதவுக்கு வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

நரைத்த அம்மாள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு இடுக்கியை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். அதிகாரி தன் கோப்பை மேசையிலிருந்து மெல்ல நகர்த்தி மடியில் வைத்துக்கொண்டார். நர்சிங் மேடம் அதற்குள் போனை எடுத்து தியேட்டரைக் கூப்பிட்டிருந்தார்.

அவள் காத்திருக்கவில்லை. படியில் இறங்கிக் கீழே ஓடினாள். கால்மணி நேரத்தில் தள்ளுவண்டிகளில் பொட்டலங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. ரேடியோ விவரம் கேட்கவில்லை. "நான் பிரிக்கிறேன் தங்கச்சி, நீ பாரு" என்று மட்டும் சொன்னார். அவர் துணியைப் பிரித்துப் பிரித்துத் தள்ள, அவள் விளக்கின் கீழ் ஒவ்வொரு கருவியையும் விரித்துப் பார்த்தாள். ஏழாவது தட்டில் ஒன்று இருந்தது. பதிமூன்றாவதில் இரண்டு. அவற்றை வெள்ளைத் துணியில் தனியாக வைத்தாள். நரைத்த அம்மாள், வெளியாள் தாண்டக் கூடாதென்று வாசலில் போட்டிருந்த சிவப்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று கையிலிருந்த தாளில் எழுதிக்கொண்டிருந்தார். என்ன எழுதுகிறார் என்று தெரியவில்லை. அதிகாரி வந்து எட்டிப் பார்த்து, மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விட்டார்.

"மேல பிரிச்சதையும் சேத்து இருபதுதான் இருக்கு" என்றாள் அவள்.

ரேடியோ போனை வைத்துவிட்டு வந்தார். "ஒண்ணு காலைல ஒன்பதரைக்கே எடுத்துட்டாங்களாம். ஒரு சின்னப் பொண்ணு, குடல்வால். ஆபரேஷன் நடந்துட்டிருக்கு. முடிஞ்சதும் கீழ அனுப்பறாங்களாம்."

இருவரும் நின்றார்கள். நாற்பது நிமிஷம் கழித்து, கழுவும் பக்கத்துக் கதவை இடித்துத் திறந்துகொண்டு கடைசி வண்டி வந்தது. அவள் மேல்துணியை நீக்கினாள். தட்டில் இருந்ததெல்லாம் நனைந்து, இன்னும் சூடு ஆறாமல் மினுங்கியது. கையுறை மாட்டிக்கொண்டு முதல் இடுக்கியை எடுத்து விரித்தாள். மூட்டுக்குள் முழுக்கச் சிவப்பாக இருந்தது. விளக்கை இன்னும் கிட்டே இழுத்தாள். எது அந்தப் பெண்ணின் ரத்தம், எது நேற்றே அங்கிருந்தது என்று பிரித்துப் பார்க்க முடியாதபடி, ஒரே நிறமாக, அவள் விரலிடுக்கு வழியே மெல்ல ஒழுகியது.